சூழலியலா, சூழல்வாதமா: எதை நம்பி நிலைப்பாடு எடுப்பது?

ஓர் அணை கட்டலாமா, ஒரு காட்டில் மேய்ச்சலைத் தடுக்கலாமா, வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட ஒரு விலங்கைச் சுட்டுக் கொல்லலாமா என்று கேள்வி எழும்போதெல்லாம், இரண்டு தரப்பும் ஒரே வாக்கியத்தைச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்: “சூழலியல் அப்படித்தான் சொல்கிறது.” பெரும்பாலும் சூழலியல் அப்படி எதையும் சொல்லியிருக்காது. பேசுகிறவருக்கு ஒரு விருப்பம் இருக்கும். அதை விருப்பம் என்று சொன்னால் எடுபடாது என்று நினைத்து, அறிவியலின் பெயரில் முன்வைக்கிறார்.

இப்படிப்பட்ட ஒரு விவகாரத்தில் கையெழுத்துப் போடவோ, நன்கொடை தரவோ, வாக்களிக்கவோ வேண்டியிருப்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அறிவியலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதிலிருந்து ஒதுங்கி நிற்பது ஒன்று. மனிதனுக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, இயற்கைக்குத் தனக்கென்று மதிப்பு உண்டு என்று அதன் பக்கம் நிற்பது இன்னொன்று. மனித நலனுக்காக இயற்கையைப் பொறுப்பாக நிர்வகிப்பது மூன்றாவது. அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிற மக்களின் உரிமையிலிருந்து தொடங்குவது நான்காவது. முதல் வழி மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் நிற்கக்கூடியதே அல்ல என்பது என் கருத்து. ஆனாலும் பலர் அதைத்தான் பாதுகாப்பான தேர்வாக நினைக்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அறிவியல் எதுவரை கூட வரும்

சூழலியலுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1866-இல். உயிர்கள் ஒன்றோடொன்றும், தம்மைச் சுற்றியுள்ள மண், நீர், காற்றோடும் கொள்கிற உறவுகளைப் பற்றிய படிப்பு, அவ்வளவுதான். எது எதைத் தின்கிறது, ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது, ஓர் இனம் இந்த மலையில் இருந்துகொண்டு பக்கத்து மலையில் ஏன் இல்லை என்பவைதான் அதன் கேள்விகள். மரத்தைக் காப்பாற்று என்றோ, ஆற்றைக் கெடுக்காதே என்றோ அதன் இலக்கணத்தில் எங்கும் இல்லை.

அதற்காக அது மழுப்பலாகப் பேசுகிற துறை என்று நினைத்துவிடக் கூடாது. 1960-களிலும் 70-களிலும் வட அமெரிக்காவின் ஏரிகள் பாசி படிந்து நாறிக்கொண்டிருந்தன. சலவைத்தூளில் இருக்கிற பாஸ்பேட்தான் காரணம் என்றது ஒரு தரப்பு. இல்லை, கார்பன்தான் காரணம் என்றது சலவைத்தூள் உற்பத்தியாளர்களின் தரப்பு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 226 என்ற எண் கொண்ட ஏரி நடுவில் குறுகி, 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும். 1973-இல் சூழலியலாளர் டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் அந்தக் குறுகிய இடத்தில் குறுக்கே ஒரு வினைல் திரையைக் கட்டி, ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். சில வாரங்களில் அந்தப் பாதி பச்சைப் பசேலென்று மாறிவிட்டது. மறு பாதி பழைய கருநீலத்திலேயே இருந்தது. மேலிருந்து எடுத்த புகைப்படத்தில் திரை கட்டிய கோடு துல்லியமாகத் தெரியும். அதற்குமேல் வாதம் செய்ய அதிகம் மிச்சமில்லை. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றவர்கள் கையில் அந்தப் படம் பெரிய ஆயுதமானது.

ஆனால் அந்தப் படம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஏரி பச்சையாவது கெட்டது என்று அது சொல்லவில்லை. நீலப்பச்சைப் பாசியைக் கேட்டால் அதுதான் பொற்காலம் என்றிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும், அதில் மீன் பிடிக்கவும், நீந்தவும் நமக்கு ஆசை. அதனால் பச்சை வேண்டாம் என்கிறோம். அந்த ஆசையில் தப்பே இல்லை, எனக்கும் அதே ஆசைதான். ஆனால் அது ஆய்விலிருந்து வந்ததல்ல, நம்மிடமிருந்து வந்தது. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சர்க்கரை அளவு இருக்கும். எத்தனை நாள் வாழ ஆசைப்பட வேண்டும் என்பது இருக்காது.

இன்னொன்று, சூழல்வாதம் (இயற்கையைக் காக்க வேண்டும் என்று பேசும் இயக்கம்) ஆசையாகக் கட்டிப்பிடித்திருக்கும் சில கருத்துகளைச் சூழலியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. “இயற்கையின் சமநிலை” அதில் முதன்மையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், ஒரு நிலத்தின் தாவரக் கூட்டம் படிப்படியாக வளர்ந்து ஓர் இறுதி நிலையை அடையும் என்றும், அந்தக் கூட்டமே ஓர் உயிர்போலச் செயல்படும் என்றும் எழுதினார். 1926-இல் ஹென்றி கிளீசன் அதை மறுத்தார். ஒவ்வொரு இனமும் தன் போக்கில் பரவுகிறது, அவை சேர்ந்து நிற்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் வாதம். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி, உயிரி என்ற உருவகமே வேண்டாம் என்று சொல்லித்தான் சூழல்மண்டலம் (உயிர்களும் அவற்றைச் சுற்றியுள்ள மண், நீர், காற்றும் சேர்ந்த தொகுதி) என்ற கருத்தை முன்வைத்தார். இன்று அந்தச் சொல்லைப் பக்திப் பரவசத்தோடு பயன்படுத்துகிறவர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். 1972-இல் ராபர்ட் மே என்ற இயற்பியல் பின்னணிக்காரர் கணிதம் போட்டுப் பார்த்தார். தற்போக்கில் பின்னிய ஓர் அமைப்பில் இனங்களும் தொடர்புகளும் கூடக்கூட, நிலைத்தன்மை கூடுவதற்குப் பதில் குறையலாம் என்று வந்தது. பன்மை இருந்தாலே உறுதி என்று மேடையில் முழங்குவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பன்மைக்கும் உறுதிக்கும் தொடர்பு இல்லை என்று அர்த்தமல்ல. அது எப்போது, எப்படி என்பதைத்தான் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

சமநிலை என்ற நம்பிக்கைக்கு விலையும் கொடுத்திருக்கிறோம். கலிஃபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்களைக் காப்பதற்காக, பல பத்தாண்டுகள் அங்கே நெருப்பே வராமல் பார்த்துக்கொண்டார்கள். பழைய மரங்கள் பத்திரமாக நின்றன, கன்றுகள்தான் முளைக்கவில்லை. அந்த மரத்தின் காய்கள் வெப்பம் பட்டால்தான் நன்றாக உலர்ந்து விரிந்து விதையைக் கொட்டும். விதை விழும் தரையும் சருகு எரிந்து வெறும் மண்ணாக இருக்க வேண்டும். நெருப்பைத் தடுத்ததில் சருகும் சிறு மரங்களும் அடர்ந்து, வந்தால் பெருந்தீதான் என்ற நிலைமையும் சேர்ந்துகொண்டது. 1968 முதல் அந்த மரங்கள் இருக்கும் பூங்காக்களில் அவர்களே திட்டமிட்டுத் தீ வைக்கத் தொடங்கினார்கள்.

இப்படியெல்லாம் அறிவியலே திருத்தித் தருகிறதென்றால் அதையே பின்பற்றிவிட்டுப் போகலாமே, மற்றது எதற்கு? முடியாது. எதை ஆராய்வது என்ற கேள்விக்குக்கூட அறிவியல் தனியாகப் பதில் சொல்வதில்லை. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்பவர், பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் முட்டைகள் கூட்டிலேயே உடைவதைக் கவனித்தார். பூச்சிக்கொல்லி காரணமா என்று பார்க்க, பழைய முட்டைகளும் வேண்டும். முட்டை திருடிச் சேகரிக்கும் பொழுதுபோக்குக்காரர்களின் பெட்டிகளில் அவை இருந்தன. சிறிய ஓட்டை போட்டு உள்ளிருப்பதை எடுத்துவிட்ட வெற்று ஓடுகள். உடைத்துத் தடிமனை அளக்க முடியாது. அதனால் ஓட்டின் எடையை நீள அகலத்தின் பெருக்கலால் வகுத்து ஒரு குறியீட்டெண் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலான காலத்தில் அந்த எண் சட்டென்று கீழே இறங்குகிறது. 1967-இல் இதை வெளியிட்டார். அதற்குள் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி 1962-இல் கிளப்பிய விவாதம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அப்படியொரு பொதுக் கோபம் இல்லாமலிருந்தால் முட்டையோட்டு எண்கள் ஆய்விதழோடு தூங்கியிருக்கும். 1972-இல் அமெரிக்கா டிடிடியைப் பெரும்பாலும் தடைசெய்தது. 1999-இல் பொரி வல்லூறு அந்நாட்டின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதே டிடிடியை மலேரியாக் கொசுவுக்கு எதிராக மட்டும் பயன்படுத்த, 2001-இன் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இடம் விட்டது. வல்லூறுக்கு என்ன ஆகும் என்று சூழலியல் சொன்னது. குழந்தையின் காய்ச்சலையும் வல்லூறையும் எப்படி எடைபோடுவது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசித் தீர்மானித்தார்கள்.

ஆக, அறிவியல் மட்டும் போதும் என்பவர் ஒதுங்கி நிற்பதில்லை. தன் மதிப்பீட்டைச் சொல்லாமல் வைத்திருக்கிறார். இதில் நேர்மையாக நடந்துகொண்டவர் அமெரிக்க உயிரியலாளர் மைக்கேல் சூலே. 1985-இல், உயிர்ப் பாதுகாப்புக்கென ஒரு தனித் துறையை வகுத்தபோது, “உயிர்களின் பன்மை நல்லது” என்பதை ஆய்வு முடிவாகச் சொல்லாமல், தம் துறை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் மதிப்பீடு என்று தனியாகப் பிரித்தே எழுதினார்.

மற்ற மூன்று

இயற்கைக்குத் தனி மதிப்பு உண்டு என்ற வழிக்குக் கூர்மையான வடிவம் கொடுத்தவர் நார்வேயின் மெய்யியலாளர் ஆர்னே நேஸ். 1973-இல் ஆழ்சூழலியல் என்று அதற்குப் பெயரிட்டார். பெயரில் சூழலியல் இருந்தாலும், இந்த நெறிகள் சூழலியலிலிருந்து தர்க்கத்தால் பெறப்பட்டவை அல்ல, அதனால் தூண்டப்பட்டவை மட்டுமே என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். பின்னால் வந்த ஆதரவாளர்கள்தான் இதை வசதியாக மறந்துவிட்டார்கள். இந்த வழியின் பலம் என்னவென்றால், யாருக்கும் எந்த விதத்திலும் பயன்படாத ஓர் ஆழ்கடல் புழுவுக்காகப் பேச இது ஒன்றுதான் இருக்கிறது. திமிங்கில வேட்டைத் தடை நல்ல எடுத்துக்காட்டு. 1982-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவெடுத்து, 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு, எந்த அளவு பிடித்தால் எண்ணிக்கை குறையாது என்று கணக்கிடும் முறையை ஆணையத்தின் அறிவியல் குழுவே வகுத்துக் கொடுத்தது. ஆணையம் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதைக் கண்டித்து 1993-இல் குழுத் தலைவர் பதவி விலகினார். தடை இன்றும் நீடிக்கிறதென்றால் அதன் பின்னால் எண்ணிக்கைக் கணக்கை விடவும், திமிங்கிலத்தைக் கொல்லக் கூடாது என்ற உணர்வுதான் இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அதை அப்படியே வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

நிர்வாக வழியை விரைவாகவே கடந்துவிடலாம், ஏனென்றால் அரசுகளும் நிறுவனங்களும் இயல்பாக நடக்கும் வழி அதுதான். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ, மிகப் பலருக்கு நீண்டகால அளவில் மிகப் பெரிய நன்மை என்று இதை வகுத்தார். கலிஃபோர்னியாவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோவுக்காக அணை கட்டும் விவகாரத்தில் அவரும், அணையை எதிர்த்த இயற்கை ஆர்வலர் ஜான் மூரும் எதிரெதிரே நின்றார்கள். இருவருமே காட்டை நேசித்தவர்கள்தான். 1913-இல் அணைக்கு அனுமதி கிடைத்தது. எவ்வளவு ஆய்வு செய்திருந்தாலும் அந்தச் சண்டை தீர்ந்திருக்காது, ஏனென்றால் தகவலில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடே இல்லை. இந்த வழி கழிவுநீர், உரம், புகைபோக்கி போன்றவற்றில் நன்றாக வேலை செய்கிறது. கணக்கில் வராத பொருள் இருக்கும் இடத்தில் மோசமாகத் தோற்கிறது. மத்திய ஆசியாவின் ஏரல் கடலுக்கு வரும் இரண்டு ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டபோது கடல் சுருங்கும் என்பது சோவியத் திட்டக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. மீனைவிடப் பருத்தி லாபம் என்று கணக்குப் போட்டார்கள். காய்ந்த கடலடியிலிருந்து கிளம்பிய உப்புப் புழுதி அந்தக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

மக்களிடமிருந்து தொடங்கும் வழிக்கு அமேசானின் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்கள் ஒரு முகம். தங்கள் பிழைப்புக்காகத்தான் காட்டை வெட்டவிடாமல் மறித்தார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990-இல் அவர் பெயரில், மக்கள் உள்ளேயே இருந்து பயன்படுத்தும் காப்பகம் ஒன்று உருவானது. வரலாற்றாய்வாளர் ராமச்சந்திர குஹா 1989-இல் ஆழ்சூழலியலின் மேல் வைத்த விமர்சனமும் இங்கிருந்து வந்ததுதான்: ஆளில்லாத காடு என்ற அமெரிக்கக் கனவை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால், வெளியேற்றப்படுவது அங்கேயே இருக்கும் ஏழைகள்தான்.

அதற்குப் பரத்பூரைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் பூங்கா வெறும் 29 சதுர கிலோமீட்டர். அது மன்னர் குடும்பம் வாத்து வேட்டைக்காகத் தண்ணீர் தேக்கி உருவாக்கிய சதுப்பு. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்தாளிகள் ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்ட பறவைகளைச் சுட்டது அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தேசியப் பூங்காவான பின், 1982-இல், எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தூய இயற்கையில் கால்நடைக்கு இடமில்லை என்பது அன்றைய நம்பிக்கை. எதிர்த்த கிராமத்தார் மீது போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள். தடை நீடித்தது. அப்புறம் நடந்ததுதான் விஷயம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் அங்கே இருந்து ஆய்வு செய்தது. எருமைகள் போனதும் ஒருவகைப் புல் தடையின்றிப் பரவி, நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. பறவைகளுக்குத் திறந்த தண்ணீர் குறைந்தது. அந்தச் சதுப்புக்கு எருமை தேவைப்பட்டிருக்கிறது. மேய்ச்சலைத் தடுக்கச் சொன்னவர்களில் பறவையியலாளர் சாலிம் அலியும் உண்டு. அதைப் பொய்யாக்கிய ஆய்வை நடத்தியது அவரோடு பிரிக்க முடியாமல் பிணைந்த அதே கழகம். அதைத்தான் சூழலியலின் பெருமை என்று நான் சொல்வேன்.

இதைப் படித்துவிட்டு, உள்ளூர் மக்கள் செய்வதெல்லாம் சரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நியூசிலாந்தில் மோவா என்ற பறக்காத பெரும் பறவைகளில் 9 இனங்கள் இருந்தன. பொலினேசியர்கள் அங்கே குடியேறி ஏறத்தாழ ஒன்று ஒன்றரை நூற்றாண்டுக்குள் அத்தனையும் இல்லாமல்போயின. நிலத்தோடு வாழ்வதால் அறிவு சேரும், உண்மைதான். ஆனால் அது சேருவதற்குள் சில தவறுகள் திருத்த முடியாதவை ஆகிவிடுகின்றன.

எங்கே எதை எடுப்பது

பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் இருந்த ஆடுகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மாலுமிகள் விட்டுப்போன ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகள் நம்பியிருந்த பசுமையை மொட்டையடித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த திட்டத்தில், சாண்டியாகோ தீவிலும் இசபெலாவின் வடபகுதியிலும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன, பல ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டவை. கடைசியில் மிஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனியாக இருக்காது, கூட்டத்தைத் தேடிப் போகும். போன இடத்தில் மற்றவற்றைச் சுட்டுவிட்டு, பட்டை கட்டியதை மட்டும் விட்டுவிடுவார்கள். அது மறுபடியும் துணை தேடிப் போகும்.

செடிகள் திரும்ப முளைத்தன என்பது சூழலியல் தரும் தகவல். கொன்றது சரியா என்பதில் அது எதுவும் சொல்வதற்கில்லை. இங்கே ஒரு நுட்பமும் இருக்கிறது. சூழலியல் பேசுவது இனங்கள், எண்ணிக்கைகள் என்ற மொழியில். அந்த மொழியில் தனி ஆட்டின் வலி இயல்பாகவே மறைந்துபோகும். ஆகவே கொலையை எதிர்க்கிறவரை அறிவியல் தெரியாதவர் என்று ஒதுக்குவது நியாயமில்லை. அவருக்கு உயிர் என்பது தனித்தனி உயிர், இனம் அல்ல. நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்கிறேன். உலகில் வேறெங்கும் இல்லாத ஆமையை, உலகமெங்கும் இருக்கிற ஆட்டுக்கு முன்னால் வைக்கிறேன். இது என் தேர்வு, எந்த ஆய்வும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

எனவே எல்லா இடத்துக்கும் ஒரே சித்தாந்தம் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளில்லாத தீவு, ஆழ்கடல், கடைசியாக எஞ்சிய ஓர் இனம் என்றால் இரண்டாவது வழி. குழாய்க்கும் புகைபோக்கிக்கும் மூன்றாவது. மக்கள் வாழ்கிற காடு, மேய்ச்சல் நிலம், சதுப்பு என்றால் நான்காவதில் தொடங்கி, அளவீட்டையும் சேர்த்தே எழுதி வைப்பது. பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதி இப்படி மக்கள் வாழ்கிற இடம்தான் என்பதால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று யாராவது வற்புறுத்தினால் மக்கள் பக்கத்திலிருந்து தொடங்குவதைத்தான் தேர்வேன்.

மனுவை நீட்டுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எந்த அளவீடு வந்தால் உங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வீர்கள்? எதுவும் மாற்றாது, இது எங்கள் அறம் என்று சொன்னால், சரி, அதை அறமாகவே எடைபோடலாம். இந்த எண் இப்படி வந்தால் மாற்றிக்கொள்வோம் என்றால் இன்னும் நல்லது. எதுவும் மாற்றாது, ஆனால் இதுதான் அறிவியல் என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. அப்படிப்பட்டவர்கள் அணை கட்டுகிற பக்கத்திலும் உண்டு, தடுக்கிற பக்கத்திலும் உண்டு.

ஆய்வு முடியும்வரை காத்திருப்போம் என்று சொல்கிறவர்களையும் கவனிக்க வேண்டும். சூழலியலில் பதில் வரப் பத்தாண்டு ஆகலாம், அதற்குள் மரம் வெட்டப்பட்டிருக்கும். 1992-இன் ரியோ பிரகடனம், முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காட்டிப் பாரதூரமான அல்லது மீளமுடியாத சேதத்தைத் தடுக்கும் நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது அதனால்தான். மீளமுடியாதது எது என்பதை நான் கறாராகப் பார்ப்பேன். ஓர் இனம் அழிவது, பழங்காடு வெட்டப்படுவது, ஆற்றின் போக்கு மாறுவது என்றால் ஆய்வுக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடலாம். மேய்ச்சல் தடை, மீன்பிடித் தடை போன்றவற்றைப் பாதிப் பரப்பில் மட்டும் சில ஆண்டுகள் வைத்துப் பார்த்துவிட்டு, மறு பாதியோடு ஒப்பிட முடியும். அப்படியொரு சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத தரப்பு எதுவோ, அதன் மனுவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.